வாடகை ரசீதுகள் சொல்லும் வரலாறு

சங்க மலருக்கு, "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, தில்லித் தமிழர்களின் கோயில்களைப் பற்றி எழுதலாமா, பள்ளிகளைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வாரம் பார்த்து எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தோம். கீழே இறங்கிய ஒரு தகரப் பெட்டிக்குள், சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு காகிதக் கட்டு இருந்தது. கரோல்பாகில் குடியிருந்த என் சித்தப்பாவின் வாடகை ரசீதுகள். 1956 முதல் 1990 வரை, நானூறுக்கும் மேல்.

1990இல் தில்லியைக் காலி செய்து கும்பகோணம் போனபோது சித்தப்பா அதை என்னிடம் விட்டுப் போனார். "தூரப் போட்டுடாதேடா. என்னிக்காவது கோர்ட்டு, கேஸுன்னு வந்தா வேணும்" என்றார். கேஸ் எதுவும் வரவில்லை. சித்தப்பாவும் இப்போது இல்லை. ஆனால் அந்தச் சீட்டுகளை வருஷ வாரியாகக் கட்டிலில் பரப்பி வைத்தபோது, எழுத வேண்டிய வரலாறு எதிரிலேயே கிடக்கிறது என்று தோன்றியது. முதல் ரசீது 42 ரூபாய். கடைசி ரசீது 60 ரூபாய் 50 காசு. முப்பத்து நான்கு வருஷத்தில் ஏறியது பதினெட்டரை ரூபாய்!

இது எப்படி நடந்தது? இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? வெளிமாநிலத்தில் வீடு தேடி அலையாத தமிழ்க் குடும்பம் கிடையாது. அதனால் இந்தக் கதை நம் எல்லோருடைய கதையும்தான்.

தலைநகர் வந்தது, வீடு வரவில்லை

நம் பாட்டிமார்கள் 'குடக்கூலி' என்பார்கள். நாம் 'வாடகை' என்கிறோம். தில்லிக்கு வந்து இறங்கியதும் 'கிராயா' என்று கற்றுக்கொண்டோம். எந்தப் பெயரில் கொடுத்தாலும், அந்தத் தொகையை வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் மட்டும் பேசி முடிவு செய்வதாக நினைக்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் அப்படி இல்லை. அந்தப் பேச்சில் மூன்றாவது ஆளாகச் சர்க்காரும் உட்கார்ந்திருக்கிறது.

1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தில்லிக்குத் தலைநகரை மாற்றுவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு சென்சஸில் தில்லியின் மக்கள் தொகை 4 லட்சத்துச் சொச்சம். புதுதில்லி கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்த 1931 பிப்ரவரி ஆயிற்று. அந்த இருபது வருஷமும் சர்க்கார் ஆபீஸ்கள் கோடையில் சிம்லா, குளிரில் தில்லி என்று மாறி மாறிக் குடிபெயர்ந்தன. கிளார்க்குகளும் டைப்பிஸ்டுகளுமாக வந்த நம்மவர்கள் பெட்டி படுக்கையோடு கூடவே ஏறி இறங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காக 1923இல் தொடங்கியதுதான் மதராஸி கல்விச் சங்கம். இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் வேர் அது. பெரிய அதிகாரிகளுக்குப் பங்களா கட்டிய தலைநகரம், சின்னச் சம்பளக்காரர்கள் அத்தனை பேருக்கும் வீடு கட்டவில்லை. மிஞ்சியவர்கள் பழைய தில்லியிலும் கரோல்பாகிலும் தனியார் வீடுகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

யுத்தம் வந்தால் வாடகை ஏறும். இது உலகம் முழுக்க நடந்தது. முதல் உலகப் போரின்போது பம்பாயில் ஏறியது. 1918இல் அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1920இல் கல்கத்தாவிலும் வந்தது. தில்லியின் முறை இரண்டாம் உலகப் போரில். ராணுவ ஆபீஸ்கள் பெருகின, ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1939இல் புதுதில்லிக்கு மட்டும் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டார்கள். பிறகு பஞ்சாபின் 1941ஆம் வருஷச் சட்டத்தைத் தில்லியின் மற்ற பகுதிகளுக்கும் நீட்டினார்கள். யுத்தம் முடிந்ததும் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 1947 வந்தது. பிரிவினையில் ஊரை இழந்து தில்லிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். 1941 சென்சஸில் 9.18 லட்சமாக இருந்த தில்லி, 1951இல் 17.44 லட்சம். பத்தே வருஷத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்த நாளில் வாடகையை இஷ்டத்துக்கு ஏற விட்டிருந்தால், சம்பளக்காரர்களும் அகதிகளும் தெருவில்தான் நின்றிருப்பார்கள். ஆகவே 1947இல் ஒரு சட்டம், 1952இல் இன்னொன்று, கடைசியாக 1958ஆம் வருஷத்துத் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இது 1959 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது.

ஏழரை சதவீதம்

1958 சட்டம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்கள் இல்லாமல் குடித்தனக்காரரை யாரும் கிளப்ப முடியாது. இரண்டு, வீட்டுக்கு 'நியாய வாடகை' என்று ஒரு தொகை. பழைய வீடுகளுக்குப் பழைய வாடகையை ஒட்டியே கணக்கு. மற்றவற்றுக்குக் கட்டிய செலவும், கட்ட ஆரம்பித்த நாளில் மனைக்கு இருந்த விலையும் சேர்த்து, அதில் ஆண்டுக்கு ஏழரை சதவீதம் என்பது அடிப்படை. நம்மவர்களுக்கு ஏழரை என்றாலே சனிதான் ஞாபகம் வரும். இந்த ஏழரை குடித்தனக்காரரைப் பிடிக்கவில்லை, வீட்டுக்காரரைப் பிடித்தது. மனை விலை பிறகு எத்தனை மடங்கு ஏறினாலும், கணக்கு கட்ட ஆரம்பித்த நாளிலேயே நின்றுவிடும்.

வாடகையை வாங்கிக்கொண்டு ரசீது தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை. அவர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகைக் கண்ட்ரோலர் ஆபீஸில் கட்டிவிட்டு வரலாம். ஆகவே கையில் ரசீது இருப்பவன் ராஜா. சித்தப்பா ஏன் ஒரு சீட்டைக்கூடத் தூரப் போடவில்லை என்பது இப்போது புரிகிறதா?

சித்தப்பா தனியார் கம்பெனியில் அக்கவுண்டண்ட். அதனால் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடையாது. கரோல்பாகில் முதல் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு, ஒரு பால்கனி. வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் மாதாஜி என்று கூப்பிடுவோம். 1947இல் லயல்பூரிலிருந்து வந்தவர். கணவர் சீக்கிரமே காலமாகிவிட்டார். கீழ்த்தளத்தில் ஒரு மகனோடு இருந்தார். "மதராஸி லோக் ஒண்ணாம் தேதியே கிராயா குடுத்துடுவாங்க" என்று இந்தியில் பாதியும் சித்தியிடம் கற்ற தமிழில் பாதியுமாகப் பெருமையாகச் சொல்வார். அந்தப் பேர்தான் நம்மவர்களுக்கு அந்நாளில் வீடு வாங்கிக் கொடுத்த சிபாரிசு.

42 ரூபாய் 1964இல் 50 ஆனது, மாடிக்குத் தனிக் குழாய் போட்டதற்காக. 1972இல் 55. அதோடு நின்றது. பதினேழு வருஷம் 55தான்.

ஒரே தெருவில் இரண்டு தில்லி

1974இல் நான் தில்லிக்கு வந்தேன். மத்திய சர்க்காரில் எல்.டி.சி. வேலை, 260-400 ஸ்கேல். கொஞ்ச நாள் சித்தப்பா வீட்டு பால்கனியில் படுத்தேன். பிறகு அதே தெருவில் நாலு வீடு தள்ளி, இரண்டு நண்பர்களோடு ஒரு பர்சாத்தி எடுத்தோம். மொட்டை மாடியில் ஒற்றை அறை. கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ் பெட்டி. குளியலறைக்குக் கதவு கிடையாது, தகரம்தான். வாடகை 150 ரூபாய்.

சித்தப்பாவின் இரண்டு அறைக்கு 55. எங்கள் தகரத்துக்கு 150. இரண்டுக்கும் நடுவே நாலு வீடுதான்.

"இது அநியாயம் இல்லையா, கண்ட்ரோலர்கிட்ட மனு போடலாமே" என்று சித்தப்பாவைக் கேட்டேன். போடலாம்தான். வாடகைக்கு வந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று சட்டமும் இருந்தது. சித்தப்பா சிரித்தார். "ரசீது குடுத்தானா?" இல்லை. 'ரசீது கேட்கக் கூடாது' என்பதுதான் எங்களுக்கு வீடு கொடுத்த முதல் நிபந்தனை. ஒரு முறை குடித்தனம் வைத்தால் எழுப்ப முடியாது என்று வீட்டுக்காரர்கள் எல்லோருமே பயந்திருந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு விலை உண்டல்லவா? அதைச் சித்தப்பா கொடுக்கவில்லை. புதிதாக வந்த நாங்கள் கொடுத்தோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். தில்லியில் வாடகையைக் கட்டிப்போட்ட சட்டம், முன்னால் வந்தவனுக்குக் காப்பு. பின்னால் வந்தவனுக்குக் கப்பம். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரே தெருவில் பார்த்துச் சொல்கிறேன்.

1975 டிசம்பர்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பர்சாத்திக்குப் பெண்ணைக் கூட்டிவர முடியாது என்று லாஜ்பத் நகரில் ஓர் அறையும் சமையல் கட்டும் பார்த்தேன். 180 ரூபாய், ரசீதோடு! வீட்டுக்காரர் ஒரு சர்க்கார் அதிகாரி. அவர் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். அப்படிப் பல பேர் இருந்தார்கள்.

அது எமர்ஜென்சி காலம். தில்லியில் சொந்த வீடு இருப்பவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சந்தை வாடகை கட்ட வேண்டும் என்று 1975இல் சர்க்கார் உத்தரவு போட்டது. அவர்கள் எங்கே போவார்கள்? அதற்காக அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்து, வாடகைச் சட்டத்தில் 14-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அப்படிப்பட்ட அதிகாரிகள் தங்கள் வீட்டை உடனே திரும்பப் பெறலாம். குடித்தனக்காரர் பதினைந்து நாளுக்குள் மனுப் போட்டு அனுமதி வாங்கினால்தான் எதிர்த்து வாதாடவே முடியும்.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். சம்மன் வருவதற்கு முன்னால் தாமே வந்து, "எனக்கு வேற வழியில்லை பேட்டா" என்றார். கல்யாணமான நாலாம் மாதம் நானும் மனைவியும் யமுனையைத் தாண்டி ஷாதராவுக்குக் குடிபோனோம். வாடகை குறைந்தது, பஸ்ஸில் நிற்கும் நேரம் கூடியது. ரசீது வைத்திருந்தவனும் ராஜா இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். சட்டத்தின் ஒரு வரி மாறினால் போதும்.

1983இல் சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் அலாட் ஆனது. வீட்டு வாடகைப்படி நின்றது; லைசென்ஸ் கட்டணம் என்று ஒரு சிறு தொகை சம்பளத்தில் பிடித்தார்கள். அவ்வளவுதான். அடுத்த முப்பது வருஷம் வாடகைச் சந்தையை நான் மறந்தே போனேன். நம் சங்கத்தில் பல குடும்பங்களின் கதை இதுதான். சர்க்கார் வேலைக்கு வந்த தமிழருக்குக் குவார்ட்டர்ஸ்தான் தில்லியில் கிடைத்த உண்மையான சம்பளம் என்பேன்.

மூவாயிரத்து ஐந்நூறு

முப்பது வருஷம் கழித்துச் சர்க்கார் முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்தது. 1988 டிசம்பர் முதல் இரண்டு திருத்தங்கள். மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள இடங்களுக்கு 1958 சட்டமே பொருந்தாது. மற்றவற்றுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பத்து சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம்.

மாதாஜியின் மகன் வக்கீல் மூலம் முறையாக நோட்டீஸ் அனுப்பினார். 55 ரூபாயில் பத்து சதவீதம் ஐந்தரை ரூபாய். நோட்டீஸுக்கு வக்கீல் வாங்கிய ஃபீஸ் அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும். கட்டின் மேலே இருக்கும் 60 ரூபாய் 50 காசு ரசீதுகள் அந்தக் காலத்தவை.

3,500 என்ற கோடு தில்லி வாடகையை இரண்டாகப் பிளந்தது. கோட்டுக்குக் கீழே பழைய குடித்தனங்கள், உறைந்துபோன வாடகை. கோட்டுக்கு மேலே பேசிக்கொண்ட வாடகை, பதினோரு மாத ஒப்பந்தம். ஏன் பதினோரு மாதம்? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டம் சொல்கிறது. பதிவுச் செலவும் வேண்டாம், நீண்ட உரிமையும் வேண்டாம் என்றால் பதினொன்றோடு நிறுத்திவிடலாம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. மயூர் விஹாரில் ஒரு குரூப் ஹவுசிங் சொசைட்டியில் சீட்டுப் பணமும் கடனுமாகக் கட்டி ஒரு வீடு வாங்கினேன். 1996இல் அதை வாடகைக்கு விட்டபோது புரோக்கர் சொன்னது: "மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கீழே மட்டும் போகாதீங்க சார்." வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். 3,200க்குக் கெஞ்சினான். நான் 3,600க்கு ஒப்பந்தம் எழுதினேன். நானூறு ரூபாய் எனக்குப் பெரிதில்லை. சித்தப்பா மாதிரி ஒருவன் என் வீட்டில் உட்கார்ந்துவிடுவானோ என்ற பயம்தான் பெரிது.

1995இல் பார்லிமெண்ட் ஒரு புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டில் ஜனாதிபதி ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் பழைய வாடகையில் கடை வைத்திருந்த வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அமலாகும் தேதியை அறிவிக்காமலேயே விட்டுவிட்டார்கள். பார்லிமெண்ட் நிறைவேற்றியும் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராத சட்டம் அது. அதற்குப் பிறகு நீதிமன்றங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தின. 2002இல் தில்லி உயர் நீதிமன்றம் நியாய வாடகைப் பிரிவுகள் செல்லாது என்றது. வீட்டுக்காரர் தம் சொந்தத் தேவைக்காகத் திரும்பக் கேட்கும் உரிமை கடைகளுக்கும் உண்டு என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாவிப் பணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். எழுதாவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

சித்தப்பா 1988இல் ஓய்வு பெற்றார். ஊருக்குத் திரும்ப முடிவு செய்தது 1990இல். மாதாஜியின் மகனுக்குக் கல்யாண வயதில் பெண். மாடி அவர்களுக்குத் தேவை. அக்கம்பக்கத்தார் சித்தப்பாவிடம் சொன்னார்கள்: "சும்மா சாவியைக் குடுக்காதீங்க. பகடி வாங்குங்க." பகடி என்றால் காலி செய்வதற்கு வாங்கும் பணம். 1958 சட்டத்தின் 5ஆம் பிரிவு வீட்டுக்காரர் பகடி வாங்குவதையும் தடுக்கிறது, குடித்தனக்காரர் வாங்குவதையும் தடுக்கிறது. ஆனால் ஊரெல்லாம் நடந்தது. வீட்டுக்காரரிடம் இருந்தது சொத்து. குடித்தனக்காரரிடம் இருந்தது சாவி. இரண்டுக்கும் தனித்தனி விலை.

75 ஆயிரத்துக்கு முடிந்தது. நானும் கூடப் போனேன். மாதாஜி ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். அவர் கையில் வழக்கமாக இருக்கும் வளையல்கள் அன்று இல்லை. சித்தி அதைப் பார்த்துவிட்டுச் சமையல் கட்டுக்குள் போய்விட்டார். சித்தப்பாவுக்கு நோட்டை எண்ணக் கை வரவில்லை. "நீ எண்ணுடா" என்றார். எண்ணியவன் நான்.

மாதாஜி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஸ்டேஷனுக்கு டாங்கா ஏறும்போது சித்திக்கு ஒரு டப்பா நிறைய மட்ரி கொடுத்தனுப்பினார். கும்பகோணத்து வீட்டில் அந்தப் பணத்தில்தான் மாடி எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு இன்றைக்கும் 'கரோல்பாக் மாடி' என்று பேர்.

யார் செய்தது தப்பு? நாற்பது வருஷம் ஒழுங்காக வேலை பார்த்த சித்தப்பாவிடம் ஊரில் வீடு கட்டப் பணம் இல்லை. சொந்த வீடு இருந்தும் மாதாஜிக்கு மாடியிலிருந்து ஒரு மாதப் பால் காசு தேறவில்லை. ஊரை இழந்து வந்த ஒருவரும், பிழைப்புத் தேடி வந்த ஒருவரும். இருவரையும் எதிர் எதிரே உட்கார வைத்தது, அவசர காலத்துக்கென்று போட்டுப் பிறகு எடுக்க மறந்துபோன ஒரு சட்டம்.

நாடு முழுக்க இதே கதைதான்

தில்லியை மட்டும் குறை சொல்ல வேண்டாம். பம்பாயில் 1947 சட்டம், 1940 செப்டம்பர் முதல் தேதி வாடகையில் ஆணி அடித்தது. அந்த வருமானத்தில் வீட்டுக்காரர்கள் சுவருக்கு ஒரு கை சிமெண்டுகூடப் பூசவில்லை. பழைய கட்டடங்கள் இடிந்து விழ ஆரம்பித்ததால், பழுதுபார்ப்பதற்கென்றே 1969இல் தனிச் சட்டமும் வாரியமும் வந்தன. இப்படி உறைந்த வாடகை நியாயமில்லாமல் போய்விட்டது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அங்கே 1999இல் புதிய சட்டம் எழுதினார்கள். நம் சென்னையில் 1960ஆம் வருஷச் சட்டம் ஐம்பத்தெட்டு வருஷம் ஓடி, 2019 பிப்ரவரியில் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது.

1961இல் இந்திய நகரங்களில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. 2011 சென்சஸில் அது 27.5 சதவீதம். வங்கிக் கடன், கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள், வீட்டு வசதித் திட்டங்கள் என்று இதற்குப் பல காரணங்கள். சொந்த வீடு கூடியது நல்லதுதான். ஆனால் அதே சென்சஸில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடியே 10 லட்சம். வாடகைக்கு வீடு கிடைக்காத நகரங்களில் ஒரு கோடி வீட்டுக்குப் பூட்டு! எல்லாப் பூட்டும் பயத்தால் விழுந்தவை அல்ல. ஆனால் 'குடித்தனம் வைத்தால் எழுப்ப முடியாது' என்ற பழைய பயம் பல பூட்டுகளில் இருந்தது. பூட்டு கூடக் கூட, திறந்திருக்கும் கதவுக்கு வாடகை ஏறும்.

சர்க்கார் எப்படி வாடகைக்குள் வருகிறது என்பதற்கு இன்னொரு வேடிக்கை. விலைவாசிக் குறியீட்டில் வாடகையும் ஒரு பகுதி. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், நகரங்களுக்கு அதன் பங்கு 21.67 சதவீதம். அதில் குவார்ட்டர்ஸ் வீடுகளும் உண்டு. அங்கே இருப்பவருக்கு வராமல் போகும் வாடகைப்படியையே அந்த வீட்டின் வாடகையாகச் சேர்த்தார்கள். 2017 ஜூலையில் ஏழாவது சம்பளக் கமிஷன்படி வாடகைப்படி ஏறியபோது, தெருவில் ஒரு வீட்டுக்காரரும் வாடகையை ஏற்றாமலேயே குறியீட்டில் வாடகை ஏறியது. ரிசர்வ் வங்கி அதைத் தனியே பிரித்து விளக்க வேண்டி வந்தது.

தெருவிலும் ஏறத்தான் செய்கிறது. தில்லி போன்ற பெரிய நகரங்களுக்கு அப்போது அடிப்படைச் சம்பளத்தில் 24 சதவீதமாக வைத்த படி, பஞ்சப்படி ஏற ஏற 2021இல் 27, 2024இல் 30 என்று ஆனது. ஒவ்வொரு முறையும் குடித்தனக்காரருக்கு முன்னால் வீட்டுக்காரருக்குத்தான் செய்தி தெரியும்.

பிறகு 2020. கொரோனா ஊரடங்கில், தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. ஆனாலும் ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டத்தை எங்கள் மயூர் விஹார்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். வேலை இல்லாத நகரத்தில் வாடகை கொடுத்து எப்படி இருப்பது? அந்த ஜூலையில் மத்திய அரசு மலிவு வாடகை வீட்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டம் வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது, வழக்குக்குத் தனி அமைப்பு என்று நல்ல அம்சங்கள் அதில் உண்டு. ஆனால் அதைச் சட்டமாக்குவது அந்தந்த மாநிலத்தின் கையில்.

என் மகளின் ரசீது

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். முதலில் குடிபோனபோது பத்து மாத வாடகை முன்பணம் கொடுத்தாள். 2020இல் ஐ.டி. பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட, வீட்டுக்காரர் தாமாகவே வாடகையைக் குறைத்தார். 2022இல் ஆபீஸ்கள் திரும்பக் கூப்பிட்டதும், பதினோரு மாதம் முடிந்த அன்றே ஒரேயடியாக ஏற்றினார். "இஷ்டம்னா இருங்க, இல்லேன்னா பத்துப் பேர் வரிசையில நிக்கறாங்க." அவள் வீடு மாற்றினாள். ஐந்து வருஷத்தில் மூன்றாவது வீடு.

"ரசீது வாங்கினியா?" என்று கேட்டேன்.

"ஃபோன்ல இருக்குப்பா" என்றாள்.

சித்தப்பாவை முப்பத்து நான்கு வருஷம் யாராலும் அசைக்க முடியவில்லை. அவர் பேத்தி முறையில் இருப்பவளைப் பதினோரு மாதத்தில் அசைக்கலாம். ஒரு பக்கம் காலத்துக்கும் உறைந்த வாடகை, இன்னொரு பக்கம் காலே ஊன்ற முடியாத வாடகை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நியாயமான பாதை உண்டு. மூன்று வருஷமாவது நிற்கும் ஒப்பந்தம், வருஷத்துக்கு இவ்வளவுதான் ஏறும் என்று முன்னமே எழுதிய கணக்கு, சீக்கிரம் தீரும் வழக்கு. இவற்றைச் சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்மில் இன்று பலர் வீட்டுக்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் நாம் எழுதும் ஒப்பந்தத்தில் இவ்வளவாவது எழுதலாம். மறு வருஷமும் அவர்கள் அதே வீட்டில்தான் இருப்போம் என்று நம்பிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் பரணிலும் இப்படி ஒரு கட்டு இருக்கும். தூரப் போடாதீர்கள். எந்தத் தெரு, எந்த வருஷம், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். தலைநகரில் நாம் எங்கெங்கே எப்படி வாழ்ந்தோம் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

சித்தப்பாவின் கட்டை நான் மறுபடியும் அதே சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் மாதாஜியின் கையெழுத்து. முதலில் உருதுவில், பிறகு இந்தியில். 75 ஆயிரத்துக்கு மட்டும் அதில் ரசீது இல்லை.